நீலகிரிக்கும் இமயத்துக்கும் ஒரே மலை சைக்கிள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் மலை சைக்கிள் வாங்க நினைக்கும் பெரும்பாலோரின் தேவை ஒன்றுபோலவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை லடாக், ஸ்பிதி, கை கொடுத்தால் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் என்று கொண்டுபோகவும் வேண்டும். இரண்டு சைக்கிள் வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை, இடமிருந்தாலும் பணமில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டகத்தை நீலகிரிக்காகத் தேர்ந்தெடுங்கள். பிரேக், டயர், பல்சக்கரம் மூன்றையும் இமயத்துக்காகத் தேர்ந்தெடுங்கள். முன்னது மாற்ற முடியாதது, பின்னவை மாற்றக்கூடியவை. கடைக்குப் போகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆண்டில் பத்து நாள் பயணத்தை மனத்தில் வைத்து 170 மி.மீ. வரை அமுங்கி அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கொண்ட கனமான சைக்கிளை வாங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் அதைக் கேத்திப் பள்ளத்தாக்கின் ஏற்றங்களில் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

1. உங்கள் ஓராண்டை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் கடந்த ஓராண்டில் உண்மையாகவே ஓட்டிய பாதைகளை எழுதுங்கள். ஓட்ட ஆசைப்பட்டவற்றை எழுத வேண்டாம். நீலகிரியில் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியல் இப்படித்தான் அமையும்: பாதிக்கு மேல் தார் சாலை, அதன் பிறகு ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) இடையே ஓடும் சிமெண்ட் சாலையும் எஸ்டேட் ஜீப் தடமும், மிச்சம் கொஞ்சம் ஒற்றையடிப் பாதை. இங்கே எந்தப் பாதையும் சமதளமாக இருப்பதில்லை. வீட்டு வாசலை விட்டதும் ஏற்றம் அல்லது இறக்கம். ஆகவே, ஏறுவதற்குச் சலிப்புத் தராத சைக்கிள் வேண்டும்.

பட்டியலில் காட்டுப் பாதைகளைச் சேர்க்கும் முன் ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். சைக்கிள் சத்தமில்லாத வண்டி என்பது அங்கே சலுகை ஆகாது. சத்தமில்லாமல் வேகமாக வளைவு திரும்பி காட்டெருமையின் முன்னால் போய் நிற்பதற்கு அதுவே காரணம். தேயிலைத் தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டுவிட்டுப் போங்கள். கோத்தகிரிப் பக்கம் மாலையில் கரடி தோட்டத்துக்குள் வருவது வழக்கம். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புங்கள்.

2. பின்பக்க சஸ்பென்ஷன் வேண்டுமா?

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதை ஹார்ட்டெயில் என்றும், இரு பக்கமும் உள்ளதை ஃபுல் சஸ்பென்ஷன் என்றும் கடையில் சொல்வார்கள். பணம் ஒரு லட்சத்தை ஒட்டியதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: நல்ல ஹார்ட்டெயில். அந்த விலைக்கு வரும் ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்கும் மலிவு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் மலிவு, பிரேக்கும் மலிவு. அதே பணத்தை ஹார்ட்டெயிலில் போட்டால் 130 அல்லது 140 மி.மீ. ஏர் ஃபோர்க், திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், பன்னிரண்டு கியர் எல்லாம் கிடைக்கும். மணாலி முதல் லே வரை, ஸ்பிதிச் சுற்று முழுவதும், ஹார்ட்டெயிலில் போய் வருபவர்கள் ஏராளம். அங்கே வழி பெரும்பாலும் சாலைதான். உடைந்த சாலை, ஓடை குறுக்கிடும் சாலை, ஆனாலும் சாலை.

இரண்டு லட்சத்துக்கு மேல் செலவிட முடியுமானால் முன்னால் 140, பின்னால் 120 முதல் 130 மி.மீ. கொண்ட ‘டிரெயில்’ வகை சைக்கிளைப் பாருங்கள். இதற்குக் கீழே, 100 மி.மீ. அளவில் இருக்கும் கிராஸ் கன்ட்ரி சைக்கிள்கள் ஏறுவதில் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் ஈரமான செங்குத்து இறக்கத்தில் முன்சக்கரம் நம்மைத் தாண்டி ஓடுவதுபோன்ற பயத்தைத் தரும். இதற்கு மேலே 160, 170 மி.மீ. எண்டூரோ சைக்கிள்கள் இறங்கப் பிறந்தவை. அவற்றை மேலே கொண்டுபோக ஆல்ப்ஸில் கேபிள் கார் இருக்கிறது. இங்கே நம் தொடைதான்.

ஆல்ப்ஸ் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன். சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகே பிரான்ஸில் இருக்கும் மோர்சின், லே ழே போன்ற ஊர்களின் பைக் பார்க்குகளுக்கு மட்டும் போகப்போகிறீர்கள் என்றால் உங்கள் சைக்கிளைக் கொண்டுபோகவே வேண்டாம். லிஃப்டில் ஏறி நாள் முழுவதும் இறங்குவதற்கு ஏற்ற சைக்கிளும் கவசங்களும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரத்து இறக்கத்துக்காக உங்கள் டிஸ்க்கையும் பேரிங்கையும் தேய்ப்பதைவிட அது மலிவு. ஊர் விட்டு ஊர் ஏறி இறங்கிப் போகும் பயணம் என்றால் நம் டிரெயில் சைக்கிள் அங்கேயும் போதும்.

மின்சார மலை சைக்கிளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இந்த சைக்கிள்களின் பேட்டரி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, சில நான்கு மடங்குக்கும் மேல். உள்ளூருக்கு அருமை, பயணத்துக்கு உதவாது.

3. அளவும் கோணமும்

சக்கரம் 29 அங்குலம். உயரம் 160 செ.மீ.க்குக் கீழே என்றால் மட்டும் 27.5 அங்குலத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செங்குத்து இறக்கத்தில் உடலைப் பின்னால் தள்ளும்போது பெரிய பின்சக்கரம் தொடையில் உரசும்.

முன் ஃபோர்க் தரையோடு அமைக்கும் கோணம் 65 முதல் 66 பாகை வரை இருக்கட்டும். 68க்கு மேல் போனால் இறக்கத்தில் துள்ளும். 64க்குக் கீழே போனால் ஹட்டிச் சாலையின் நடக்கிற வேகத்து ஏற்றத்தில் ஹேண்டில் இங்கும் அங்கும் அலையும். இதைவிட நம் மலைக்கு முக்கியமானது சீட்டுக் குழாயின் கோணம். 75 பாகைக்கு மேல், முடிந்தால் 76. சீட்டு பெடலுக்கு மேலாக முன்தள்ளி இருந்தால்தான் செங்குத்தில் உட்கார்ந்தே மிதிக்க முடியும், முன்சக்கரமும் தூக்காது. பழைய மாடல்களில் இது 72, 73 என்று இருக்கும். விலை குறைகிறதே என்று அவற்றை வாங்குபவர்கள் கோத்தகிரி ஏற்றத்தில் இடுப்பு வலியோடு அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் இறங்கும் டிராப்பர் சீட்போஸ்ட் கட்டாயம். சைக்கிளோடு வராவிட்டால் பிறகு போடுவதற்குச் சட்டகத்தில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கியர்

நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி உயர்கிறது, அதாவது 8.33 சதவீதம். அந்தச் சரிவுக்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் வைக்க வேண்டியிருந்தது. ஹட்டிகளுக்குள் போகும் சிமெண்ட் சாலைகள் அதைவிடச் செங்குத்தானவை. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்து, 12 சதவீத ஏற்றத்தில் கணக்குப் போடுவோம்.

முன்னால் 30 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51 பல் என்றால், பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் தேவைப்படும் ஆற்றல் சுமார் 150 வாட். முன்னால் 32, பின்னால் 42 என்றால் அதே சுற்றுக்கு வேகம் 6 கி.மீ.க்கு மேல் போகும், ஆற்றல் 180 வாட்டைத் தாண்டும். மண்ணின் இழுவை இரண்டிலும் தனி. முதலாவதை வழக்கமாக ஓட்டும் ஆள் ஒரு மணிநேரம் தாங்குவார். இரண்டாவதில் சற்று நேரத்திலேயே இறங்கித் தள்ளுவார்.

இமயத்தில் கணக்கு இன்னும் இறுகும். லடாக்கின் கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டியே இருக்கிறது. (அங்கே நெடுநாள் நின்ற பலகை 18,380 அடி என்றது; முறையாக அளந்த உயரம் 5,359 மீட்டர்தான். படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.) உதகையில் 150 வாட் தரும் கால் அங்கே அதைத் தராது. சரிவு குறைவாக இருந்தாலும் கடைசி கியரைத் தேடுவீர்கள். எனவே பின்னால் 10–51 அல்லது 10–52, முன்னால் 30. சைக்கிள் 32 பல்லோடு வந்தால் வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள், சிறிய செலவு. வேகம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். குன்னூரில் வேகத்துக்கு யார் மிதிக்கிறார்கள்?

ஷிமானோ டியோர் வரிசை போதும். அதற்கு மேல் போகும் பணம் எடையைக் குறைக்கும், கியரைக் கூட்டாது.

5. பிரேக்

விலைப் பட்டியலில் கடைசியில் பொடி எழுத்தில் இருப்பது இதுதான். எனக்கோ முதல் கேள்வியே இது.

குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,500 மீட்டர் உயரம் இழக்கிறோம். 90 கிலோ எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 13 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். தார் சாலையில் அதில் பெரும் பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். செங்குத்தான மண் பாதையில் மெதுவாக இறங்கினால் காற்று உதவாது. ஏறக்குறைய எல்லாமே உள்ளங்கை அகல டிஸ்க் இரண்டிலும் வெப்பமாக இறங்குகிறது. டிஸ்க் நிறம் மாறுகிறது, பேட் கருகி வழுக்குகிறது, சில சமயம் திரவம் கொதித்து நெம்பு ஹேண்டில் வரை வந்துவிடுகிறது.

எனவே கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் வேண்டாம்; ஹைட்ராலிக். முன்னால் 200 அல்லது 203 மி.மீ. டிஸ்க், பின்னால் 180. ஃபோர்க்கும் சட்டகமும் எத்தனை மி.மீ. டிஸ்க் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார். அதை மீற வேண்டாம். முன்பக்கம் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் நான்கு பிஸ்டனோடு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எடை 75 கிலோவுக்கு மேல் என்றால் அதைக் கேட்டே வாங்குங்கள். மலிவு விலை டிஸ்க்குகள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அவற்றை அப்போதே மாற்றிவிடுங்கள். காரணம் நம் மழை.

ரெசின் பேட் சத்தம் போடாது, தொட்ட உடனே பிடிக்கும். ஆனால் செம்மண் சேற்றில் அது கரைகிறது. ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழையில் உதகை, எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் நனைகிறது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் எங்காவது ஈரம்தான். உலோகத் துகள் கலந்த சின்டர்டு பேட் ஈரத்திலும் சேற்றிலும் நெடுநாள் உழைக்கும், நீண்ட இறக்கத்தின் வெப்பத்தையும் தாங்கும். கீச்சென்று கத்தும். கத்தட்டும், மாடுகளாவது ஒதுங்கும்.

திரவத்தில் இரண்டு வகை. டாட் (DOT) வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை குறையும். ஆகவே குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் ஊரில் நான் மினரல் ஆயில் பிரேக்கையே சொல்வேன். ஒன்றில் மற்றதை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

புதிய பேட், புதிய டிஸ்க் என்றால் முதலில் பழக்க வேண்டும். சற்று இறக்கமான வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகம் எடுத்து, நடக்கும் வேகம் வரை பிடித்து, முழுதாக நிற்காமல் விட்டுவிடுங்கள். இருபது முறையாவது செய்யுங்கள். கடையிலிருந்து நேரே இறக்கத்துக்குப் போகிறவர்கள்தான் பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று குறை சொல்கிறார்கள். இறங்கும்போதும் விரலைத் தொடர்ந்து அழுத்தி வைக்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டால் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும்.

6. டயரும் காற்றும்

2.4 அங்குல அகலம், டியூப்லெஸ். கோயம்புத்தூர் பக்கம் இறங்கினால் சீமைக் கருவேல முள், மலைச்சரிவில் உண்ணிச்செடி. உள்ளே ஊற்றிய சீலன்ட் இவற்றைத் தானே அடைத்துவிடும். முன்டயரில் பெரிய, இடைவெளி விட்ட குமிழ்கள் இருக்கட்டும். சேறு அப்பிக்கொள்ளாமல் உதிர வேண்டும். பின்டயர் சற்று வேகமாக உருளும் வகையாக இருக்கலாம். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) உரிந்த பட்டை ஈரமாகக் கிடக்கும் இடத்தில் எந்த டயரும் உதவாது. நேராகப் போங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள்.

70 கிலோ ஆளுக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நம் அளவுமானி வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதையே காட்டுகிறது. உயரம் போகப் போக வெளிக்காற்று மெலிகிறது, அளவு ஏறுகிறது. குன்னூரில் 24 வைத்த டயர், வெப்பநிலை மாறாவிட்டால், கர்துங் லாவில் 28 காட்டும். குளிர் அதில் ஒரு பங்கைக் குறைக்கும். மேட்டுப்பாளையத்து வெயிலில் அடித்துக்கொண்டு உதகைக்கு வந்தால் ஏற்றமும் குளிரும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். ஆகவே ஓட்டும் இடத்தில் அளந்து பாருங்கள். சிறிய அளவுமானி பையில் எடையே தெரியாது.

இமயப் பயணத்துக்கு மாற்ற வேண்டியது பின்டயர். பக்கச்சுவர் தடித்த வகையைப் போடுங்கள். கூர் கல் பக்கச்சுவரைக் கிழித்தால் சீலன்ட் அடைக்காது, அடுத்த சைக்கிள் கடை இரண்டு நாள் தொலைவில் இருக்கும்.

7. மழை கெடுப்பவை, கவாத்து முறிப்பவை

பெடல் அச்சின் பேரிங் மரையில் திருகும் வகையா, அழுத்திப் பொருத்தும் வகையா என்று கேளுங்கள். திருகும் வகையே நல்லது. மற்றது மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு மிதிக்கும் முனகும், கழற்றத் தனிக் கருவி வேண்டும். பிரேக் குழாயும் கியர் கேபிளும் ஹேண்டில் பேரிங்குக்குள் புகுந்து போகும் புதிய அமைப்பு பார்க்க அழகு. அந்த பேரிங்கை மாற்ற வேண்டியபோது பிரேக் முழுவதையும் கழற்ற நேரும். நான் வாங்கமாட்டேன்.

தேயிலைக் கவாத்து முடிந்த வரிசைகளில் வெட்டிய குச்சிகள் பாதையில் கிடக்கும். விரல் தடிமன் குச்சி ஒன்று சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் புகுந்தால் முதலில் போவது பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். அது ஒடிவதற்கென்றே மென்மையாகச் செய்த துண்டு. ஆனால் சட்டகத்துக்குச் சட்டகம் வடிவம் மாறும். 2019 முதல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த யூடிஹெச் என்ற பொது வடிவத்தைப் பல நிறுவனங்கள் ஏற்றிருக்கின்றன. அது உள்ள சட்டகமாக இருந்தால் லேயிலும் ஐரோப்பாவிலும் மாற்று கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) 148 மி.மீ., முன் ஹப் 110 மி.மீ., இரண்டும் குறுக்கே நுழையும் தடித்த அச்சு: இன்றைய டிரெயில் சைக்கிள்களில் பரவலான அளவு இது. 135 மி.மீ. பழைய அச்சு கொண்ட சட்டகத்துக்கு நல்ல சக்கரம் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. அலுமினியமா கார்பனா என்றால், நான் அலுமினியம். விமானத்தில், பஸ் கூரையில், ஜீப்பின் பின்னால் அடி வாங்கும் சைக்கிள் இது. நெளிவு கண்ணுக்குத் தெரியும். கார்பனின் உள்விரிசல் தெரியாது.

8. கடையில்

வாசலில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் சஸ்பென்ஷனில் உங்கள் எடைக்குக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்தால் பின் ஷாக் தான் அமுங்கக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவீதமும், ஃபோர்க் 15 முதல் 20 சதவீதமும் அமுங்க வேண்டும். பிறகு சீட்டை முழுதாக இறக்கி, பெடலில் நின்று, முழங்கை வளைத்துப் பாருங்கள். இடுப்பைப் பின்னே தள்ள இடமிருக்கிறதா? சீட்டை முழுதாக உயர்த்தி உட்கார்ந்தால் கை எட்டிப் பிடிக்கிறதா, இயல்பாக விழுகிறதா? இரண்டு அளவுக்கு நடுவே இருந்தால் நம் கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சிறிய அளவே நல்லது. பக்கத்தில் யாரிடமாவது அதே அளவு இருந்தால் அரைநாள் இரவல் வாங்கி உண்மையான ஏற்றம் ஒன்றில் ஓட்டுங்கள். உபரிப் பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்ற கேள்விக்குக் கடைக்காரர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். இரண்டு கடைகளுக்கு இடையே தள்ளுபடி வித்தியாசத்தைவிட அந்தப் பதிலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

9. பயணத்துக்குத் தயார் செய்தல்

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பின்டயர், பேட், செயின் மாற்றிவிட்டு உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள். புதுப் பாகத்தின் கோளாறு கேத்தியில் தெரிந்தால் ஒரு தொலைபேசியில் முடியும்.

அட்டைப் பெட்டியில் கட்டும்போது டிஸ்க் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றுங்கள். வளைவதில் முதலிடம் அவற்றுக்குத்தான். காலிப்பருக்குள் பிளாஸ்டிக் துண்டு செருகுங்கள், இல்லாவிட்டால் யாராவது நெம்பை அழுத்த பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும். பின் கியரைக் கழற்றிச் சட்டகத்தோடு கட்டுங்கள். டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். சைக்கிளும் பெட்டியும் 20 கிலோவைத் தொடும், கூடுதல் எடைக்கு இணையத்தில் முன்பே பணம் கட்டினால் குறைவு. காற்று அடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை எடுத்துவிட்டுக் கைப்பம்பை வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஹேங்கர் இரண்டு, பேட் இரண்டு ஜோடி, செயின் இணைப்பு, டியூப் இரண்டு, டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கத் தடித்த துண்டு, ஷாக் பம்ப், வால்வு கழற்றி. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் சைக்கிளைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருங்கள். பேட் பழக்குவது, காற்றுச் சரிபார்ப்பது எல்லாம் மூன்றாம் நாள். உதகையில் வாழ்வதால் மூச்சு பழகியிருக்கும் என்று நம்பி முதல் நாளே கர்துங் லாவுக்குக் கிளம்ப வேண்டாம்.